இந்த ஆண்டு அறுவடை இல்லை

நாகமணியக்கா டேல் ஹட்சின்ஸை எல்லார் முன்னாலும் பொய்யன் என்று கத்தியபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த ஊருக்கு இருக்கும் ஒரே மாட்டுத்தீவனக் கடை. சனிக்கிழமை காலை என்பதால் சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். அக்காவின் கையில் ஒரு பிடி திராட்சை இலைகள். அவற்றை இலை என்றே சொல்ல முடியாது. மடக்கிய விசிறிபோலச் சுருங்கி, ஓரமெல்லாம் ரம்பப் பல்லாகி, நரம்புகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தன. அதை டேலின் முகத்துக்கு நேரே நீட்டி, "பார், நீ அடித்த களைக்கொல்லி என் கொடியை என்ன செய்திருக்கிறது என்று பார்!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

டேல் எழுபதைத் தாண்டியவர். சாலைக்கு அந்தப்புறம் அவருடைய புல்வெளி, இந்தப்புறம் அக்காவின் தோட்டம். தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்துத் தொப்பியைக் கழற்றினார். "மேம், இந்த வருஷம் நான் எதுவும் அடிக்கவில்லை" என்றார்.

"பொய். நாங்கள் இங்கே இருப்பது உங்கள் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாமல் கொடியைக் கொல்கிறீர்கள்."

டேலின் கழுத்து சிவந்தது. மூட்டையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போய் டிரக்கைக் கிளப்பினார். அக்காவின் கணவர் செல்வராஜ் அண்ணா எங்களுக்குப் பின்னால், மாடுகளுக்கான உப்புக்கட்டி அடுக்கிய அலமாரி அருகே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதுமே அதிகம் பேசாதவர். அன்றும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவின் கோபத்தைப் புரிந்துகொள்ள அவரைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். உடுமலைப்பேட்டைக்காரர். கோயம்புத்தூரில் மைக்ரோபயாலஜி எம்.எஸ்ஸி. முடித்து ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி டெக்சஸில் இர்விங்குக்கு வந்தபோது ஹெச்-4 விசா. கணவன் வேலைக்குப் போகலாம், மனைவி போகக் கூடாது. அண்ணா லாஸ் கொலினாஸில் ஆபீஸுக்குப் போன பிறகு அக்கா அபார்ட்மெண்ட் பால்கனியில் நின்று ரயில் போவதைப் பார்ப்பார். நாங்கள் அடுத்த வீடு. "படிச்ச படிப்பெல்லாம் தோசை மாவு புளிக்க வெக்கத்தான் ஆவுது ப்ரீத்தி" என்பார். சிரிக்க மாட்டார்.

வேலை செய்யத்தான் தடை, படிக்கத் தடை இல்லை என்று ஒருநாள் கண்டுபிடித்தார். வடக்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தை தென்றலை டேகேரில் விட்டுவிட்டு ஃப்ரீவேயில் தனியாக ஓட்டிக்கொண்டு போய் வந்தார். ஈஸ்ட் அவருக்குத் தெரியும். கொடியைத்தான் புதிதாகக் கற்றுக்கொண்டார். கிரீன் கார்டு வந்த கையோடு ரெட் ரிவருக்குத் தெற்கே, மான்டேக் கவுண்டியில், செம்மணல் பூமி ஒன்றைப் பிடிவாதமாக வாங்க வைத்தார். வெயிலையும் வறட்சியையும் தாங்கும் டன்னாட் என்கிற கறுப்புத் திராட்சையை நட்டார்.

கோயிலில் பேச்சு கிளம்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வரிசையில் சாந்தாமணி ஆன்ட்டி எல்லாருக்கும் கேட்கும்படி, "ஏஞ்சாமி, நம்ம ஊட்டுப் பொம்பளைங்க போய் சாராயம் காய்ச்சறதா?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஆன்ட்டி. உங்க ஊட்டுக்காரர் கராஜ்ல ஒளிச்சு வெச்சிருக்கற பாட்டிலவிட நல்லாவே இருக்கும், ஒருநாள் வாங்க" என்றார் அக்கா. அதன்பிறகு அந்த ஆன்ட்டி பேசவில்லை. அந்த அங்கிள் மட்டும் வருஷம் தவறாமல் வந்து வாங்கிப்போனார்.

அந்தத் தோட்டத்தில் சில வழக்கங்கள் உண்டு. ஆகஸ்டில் பழம் பறிக்கும் நாளன்று வெயில் ஏறுவதற்குள் கடைசிக் கூடை கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். நசுக்கிய பழம் தொட்டியில் பொங்கும்போது தோல்கள் மேலே ஏடு மாதிரி திரண்டு நிற்கும். அதை மரத்துடுப்பால் அமுக்கி உள்ளே தள்ளுவதைக் குடும்பத்தார் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது. அக்கா அதை 'ஊறல்' என்றுதான் சொல்வார். மூன்று பேருக்கும் ஆளுக்கொரு தொட்டி. தென்றல் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே துடுப்புப் போட்டிருக்கிறாள். ஆயுதபூஜைக்குப் பிழியும் எந்திரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அந்த மண்ணில் விளைந்த பழம் தவிர வேறு எதுவும் அந்தப் பாட்டிலுக்குள் போகக் கூடாது. லேபிளில் 'எஸ்டேட்' என்று போடுவதற்கு அதுதான் அர்த்தம்.

அவ்வளவு செய்தும், வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாவிடம்தான் கைகுலுக்குவார்கள். "யூ மேக் அ கிரேட் ஒயின், சார்." அண்ணா சிரித்துவிட்டு, "தேங்க் யூ" என்பார். அக்கா பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டிருப்பார். அந்த 'தேங்க் யூ'வை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கிளாஸ் கொஞ்சம் பலமாகவே தட்டில் உட்காரும்.

அந்த மே மாதம் கொடிகள் பூத்திருந்த சமயம் முன்வரிசைகளில் நுனிகள் சுருள ஆரம்பித்தன. சில நாட்களில் தோட்டம் முழுக்கப் பரவியது. பூக்கள் பிஞ்சாகாமல் உதிர்ந்தன. புல்வெளிகளில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அடிக்கும் மருந்து, காற்றில் மிதந்து வந்தால் போதும், திராட்சை தாங்காது. தெற்குக் காற்று வீசும் காலம். தெற்கே டேலின் புல்வெளி. அக்காவுக்கு வேறு ஆதாரம் வேண்டியிருக்கவில்லை. அன்று தீவனக் கடையில் நடந்தது அதனால்தான்.

மாநில விவசாயத் துறையில் புகாரும் கொடுத்தார். ஓர் இளம்பெண் இன்ஸ்பெக்டர் வந்து இலைகளைப் பையில் போட்டு எடுத்துப்போனாள். ஜூனில் திரும்பி வந்தாள். அன்று ஞாயிறு. ஆஸ்டினில் வேலை பார்க்கும் தென்றலும் வந்திருந்தாள். நான் சாம்பார் சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கொட்டகை வாசலில் எல்லாரும் நின்றோம்.

இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். டேல் ஹட்சின்ஸ் மருந்து வாங்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அந்த வாரம் அந்தப் பகுதியில் மருந்து அடித்தது ஒரே இடத்தில். தோட்டத்துக்கு முன்னால் இருக்கும் புல்நிலத்தில்.

"அது எங்கள் நிலம்" என்றார் அக்கா.

"ஆமாம். தீவனப்புல் வெட்டக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள். குத்தகைக்காரர் என்னிடம் பேசினார். நில உரிமையாளரிடம் கேட்டுத்தான் அடித்தேன் என்கிறார்."

அந்த முன்நிலத்தில் விவசாயம் நடக்காமல் சும்மா போட்டால் நில வரி ஏறிவிடும் என்று குத்தகைக்கு விட்டது அண்ணா. அந்த விஷயங்களெல்லாம் அவர் பொறுப்பு. அக்கா மெதுவாகத் திரும்பினார். அண்ணா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நல்ல பெண். தொப்பியை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாள்.

"மணி, நான் மீட்டிங்ல இருந்தேன். களை ஜாஸ்தியா இருக்கு, ஸ்பிரே பண்ணட்டுமான்னு மெசேஜ் வந்துச்சு. என்ன மருந்துன்னு அவன் சொல்லல. நான் தம்ஸ் அப் போட்டுட்டேன்."

"என்ன மருந்துன்னு நீங்க கேக்கல."

"கேக்கல."

"செரி. அது முட்டாத்தனம். அதை உடுங்க." அக்கா ஓர் அடி முன்னால் வந்தார். "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

அண்ணா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இலை சுருளுதுன்னு நான் ஓடியாந்து காட்டுனனே, அன்னிக்கே தெரியும். இல்லீங்களா?"

"டவுட் இருந்துச்சு."

"அந்த மனுசனைக் கடையில நான் கிழிச்சப்போ?"

"மணி..."

"ஏனுங்க, வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? எனக்குப் பின்னாடிதான நின்னீங்க? 'வா, போலாம்'னு கையப் புடிச்சு இழுத்திருந்தாக்கூடப் போதுமே! வெள்ளைக்காரங்க, எங்களப் புடிக்காதவங்க, அது இதுன்னு வாய்க்கு வந்ததெல்லாம் பேசிப்போட்டு வந்திருக்கறேன். போனை நோண்டிட்டு நின்னீங்க!"

"நீ இருந்த கோவத்துல சொல்றதுக்குப் பயமா இருந்துச்சு."

"அப்ப என்ர கோவத்துக்குப் பயந்துக்கிட்டு அதை அடுத்தவன் தலையில எறக்கி வெச்சுப்போட்டீங்க."

அவ்வளவு கொதிப்பிலும் ஒரு 'ங்க' குறையவில்லை. அதுதான் கேட்க இன்னும் பயமாக இருந்தது. தென்றல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹவ் குட் யூ, அப்பா?" என்றாள், ரொம்ப மெதுவாக. அண்ணாவின் முகம் அக்கா திட்டும்போதுகூட அப்படி வாடவில்லை.

அன்றோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மறுவாரம் நான் போனபோது கொட்டகைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அண்ணா தன் தப்பைச் சரிசெய்ய ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கலிபோர்னியாவில் ஒரு புரோக்கர். டேங்கர் லாரியில் டன்னாட் ஒயினே வரும். நம் பீப்பாயில் கொஞ்ச நாள் வைத்து, நம் பாட்டிலில் ஊற்றலாம்.

"லேபிள்ல எஸ்டேட்ங்கற வார்த்தைய மட்டும் எடுத்துட்டா லீகல்தான் மணி. வருஷம் வீணாகாது. குடிக்கறவங்களுக்கு யாருக்குத் தெரியப்போவுது?"

அக்கா கையில் தண்ணீர் வாளி இருந்தது. தண்ணீரோடு அதைச் சுவரில் எறிந்தார். "எனக்குத் தெரியுமுங்க! போதாதா? யாருக்குத் தெரியப்போவுது, யாருக்குத் தெரியப்போவுது. இந்த ஒரு புத்திதான் உங்கள அந்தக் கடையில நிக்க வெச்சுது."

அண்ணா புரோக்கருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னார். அக்கா முன்னால் நின்று சொல்ல வைத்தார்.

அப்புறம் டேலைப் பார்க்கப் போனோம். நான்தான் கார் ஓட்டினேன். டேல் வீட்டு முன்னால் டிராக்டரின் புல்வெட்டியைக் கழற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை. அக்கா நேராக விஷயத்துக்கு வந்தார். மருந்து எங்கள் நிலத்தில்தான் அடிக்கப்பட்டது, உங்களைப் பொய்யன் என்றது தப்பு, மற்றதைச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு, மன்னித்துவிடுங்கள்.

டேல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நீங்கள் கொடி நட்ட வருஷத்திலிருந்து சாலையோரப் புல்வெளியில் நான் மருந்து அடிப்பதில்லை. திராட்சைக்கு ஆகாது என்று கேள்விப்பட்டேன். இதை வைத்துத்தான் களையை வெட்டுகிறேன்" என்று புல்வெட்டியைக் காட்டினார். "வேலை ஜாஸ்தி. என் மருமகன் கேலி பண்ணுவான்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். டேல் அதோடு விடவில்லை. "மேம், கடையில் நின்றவர்கள் எல்லாம் என்னைப் பிள்ளைப் பிராயத்திலிருந்து பார்ப்பவர்கள். இங்கே மன்னிப்புக் கேட்டால் அது எனக்கு மட்டும்தான் கேட்கும்."

திரும்பும்போது அக்கா டேஷ்போர்டை ஓங்கி அடித்தார். "அந்தாளு சொல்றது ஞாயந்தான் ப்ரீத்தி. ஞாயமா இருக்கறதுனாலதான் எனக்கு வகுறு எரியுது. நான் போய் நிக்கோணும். பண்ணுனவரு ஊட்டுல ஏசில உக்காந்திருக்கறாரு."

ஆனாலும் போனார். அடுத்த சனிக்கிழமை, அதே கடை, அதே கூட்டம். பணம் கட்டும் இடத்தருகே நின்று, "ஒரு நிமிஷம் எல்லாரும் கேளுங்கள்" என்றார். டேல் ஹட்சின்ஸ் சொன்னதுதான் உண்மை என்றும், தான் சொன்னது அவதூறு என்றும் சொன்னார். யாரும் கைதட்டவில்லை, யாரும் தேற்றவும் இல்லை. டேல் தலையை ஒருமுறை அசைத்தார். அன்று விட்டுப்போன தீவனத்தை இன்று வாங்கிக்கொள்கிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா அண்ணாவிடம் சொன்னார். "நான் சொல்லிப்போட்டு வந்துட்டனுங்க. இனி உங்க முறை."

மறுநாளே அக்கா சாலையோரம் ஒரு பலகை நட்டார். 'இந்த ஆண்டு அறுவடை இல்லை. காரணத்தைச் செல்வராஜிடம் கேட்கவும்.' பழைய வருஷத்துப் பாட்டில்கள் இருந்ததால் வருகிறவர்கள் ஒயினை ருசிபார்க்கும் அறை திறந்தேதான் இருந்தது. ஆகஸ்டில் பழம் பறிக்க வருவதாகப் பதிவு செய்தவர்கள், பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர்கள் எல்லாருக்கும் அண்ணாதான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் சனிக்கிழமை, கோயிலில் எங்களுக்குப் பழக்கமான சுவாமிநாதன் அங்கிள் ஃப்ரிஸ்கோவிலிருந்து நண்பர்களை அழைத்து வந்திருந்தார். டென்டனிலிருந்து ஓர் அமெரிக்கத் தம்பதி. அண்ணா கிளாஸில் ஊற்றிக்கொண்டே, "காத்துல மருந்து வந்து ஸ்பிரே டிரிஃப்ட் ஆயிடுச்சு. வெரி அன்ஃபார்ச்சுனேட்" என்றார்.

பின்னால் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "அதுவாவா ஆச்சு? யாருங்க அடிச்சது?"

"தீவனப்புல் வெட்டற கான்ட்ராக்டர்."

"யாரு அடிக்கச் சொன்னது?"

சுவாமிநாதன் அங்கிள் நெளிந்தார். "விடும்மா நாகமணி, பாவம் அவரு. நாலு பேர் முன்னாடி என்னத்துக்கு?"

"அங்கிள், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நாலு பேர் முன்னாடிதான் நானும் ஒருத்தரப் பேசுனேன்."

அண்ணா பாட்டிலைக் கீழே வைத்தார். முதலில் ஆங்கிலத்தில், அந்தத் தம்பதிக்காகச் சொன்னார். பிறகு தமிழில். "நான்தான். என்ன மருந்துன்னு கேக்காம பர்மிஷன் குடுத்தேன். தெரிஞ்ச பொறவும் சொல்லல. பக்கத்து நிலத்துக்காரர இவ திட்டறப்போ பின்னாடி நின்னு வேடிக்கை பார்த்தேன்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். அறையில் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

போகும்போது சுவாமிநாதன் அங்கிள் அண்ணாவின் தோளில் தட்டி, "வீட்ல யாரு பாஸுன்னு தெரிஞ்சுபோச்சுப்பா" என்றார்.

"ஒயின் யாரு பண்றாங்கன்னு தெரிஞ்சா போதும் அங்கிள்" என்றார் அண்ணா. அவர் வாயில் அதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கும் கேட்டிருக்கும். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்தக் கோடை முழுக்க அண்ணா அந்த மேசைக்குப் பின்னால் நின்றார். சிலர் சிரித்தார்கள். ஒரு முதியவர் கோபப்பட்டு கிளாஸை வைத்துவிட்டுப் போனார். தென்றல் அந்த அறைக்குள் வரவே இல்லை. கொட்டகையில் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அப்பாவிடம் அவள் சகஜமாகப் பேச அக்டோபர் ஆயிற்று.

ஆகஸ்டில் பின்சரிவில் மட்டும் கொஞ்சம் காய் நின்றிருந்தது. ஒரே குலையில் ஒன்று கோலி அளவு, ஒன்று மிளகு அளவு. இருந்தாலும் அக்கா பறித்தார், நசுக்கினார், ஒரே ஒரு சின்னத் தொட்டியில் ஊற வைத்தார். மூன்று பேரும் முறைபோட்டுத் துடுப்புப் போட்டார்கள், பேசிக்கொள்ளாமல். பிழிந்து அடங்கியதும் அக்கா ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டித் துப்பினார்.

"கேன் வி கீப் ஒன் பாட்டில், அம்மா?" என்று தென்றல் கேட்டாள்.

"எதுக்கு, பார்த்துப் பார்த்து அழுவறதுக்கா? பச்சைக்காய் வாசம் அடிக்குது." தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார். கறுப்பும் சிவப்புமாக அது வடிகாலில் ஓடியது. எனக்கு அது அதிகம் என்று தோன்றியது. சொல்லவும் சொன்னேன். "ஒரு பாட்டிலாவது வெச்சிருக்கலாம்க்கா."

"நல்லா இல்லாத ஒயினை என்ர பேர்ல நான் எதுக்கு வெக்கோணும்?" என்று என் மேலும் எரிந்து விழுந்தார்.

மறுவருஷம் ஏப்ரலில் பின்வரிசைகள் முழு இலையோடு தளிர்த்தன. கை விரித்த மாதிரி, நரம்பெல்லாம் சரியாக. முன்வரிசைகள் தளிர்க்கவில்லை. டேல் தன் டிராக்டரைக் கொண்டுவந்து செத்த கொடிகளைச் சங்கிலி போட்டுப் பிடுங்கிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. வீட்டுக்குள் வந்து காபி குடிக்கக் கூப்பிட்டதற்கு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். முன்நிலத்துக் குத்தகை போன வருஷமே போய்விட்டது. இப்போது அங்கே டேலின் புல்வெட்டிதான் ஓடுகிறது.

புதுக் கன்றுகள் நட ஆள் குறைகிறது என்று அக்கா கூப்பிட்டதால் நானும் போயிருந்தேன். அண்ணா முழங்கால் வரை செம்மண்ணோடு குழிக்குள் உட்கார்ந்திருந்தார். வாராவாரம் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறாராம். நானும் அக்காவும் கன்றுக் கட்டுகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம். அண்ணா தூரத்தில் இருந்ததால் கேட்டேன்.

"கோவம் கொஞ்சமாவது போச்சாக்கா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எதுக்குப் போவோணும்? நியாயமா வந்த கோவம் அது. அது பாட்டுக்கு இருக்கட்டும். ஊட்டுல சோறு ஆக்கறேன், ஒண்ணாத்தான் சாப்புடறோம். அவரும் இப்ப எதுனாலும் வாயத் தொறந்து சொல்றாரு. போன வாரம் கராஜ் கதவுல காரை இடிச்சுப்போட்டு, நான் பார்க்கறதுக்கு முன்னாடி ஓடியாந்து சொல்றாரு." சிரிப்பு வந்ததோ என்னவோ, வாயைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு வரிசையின் அந்தக் கோடியைப் பார்த்தவர், கையிலிருந்த கட்டை என் மேல் போட்டுவிட்டு நடந்தார்.

"ஏனுங்க! ஒட்டுக் கட்டுன எடம் மண்ணுக்கு மேல இருக்கோணும்னு எத்தனை வாட்டி சொல்றது? இப்புடிப் பொதைச்சு வெச்சா மேல ஒட்டுன குச்சியே வேரு உட்டுராதா? எடுங்க, எல்லாத்தையும் எடுத்து மறுக்கா நடுங்க."

அண்ணா அதுவரை நட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார்.